புதிய நாடு தேடி ஜொகூர் போனது: ஐந்து நாள் குறிப்புகள்

மூன்று வருடங்களாக நான் ஒரு இணையக் கூட்டத்தில் உறுப்பினர். 9 நாடுகளில் இருந்து 40 பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மாதாமாதம் பணம் சேர்ப்போம், எதற்குச் செலவழிப்பது என்று ஓட்டுப் போடுவோம், கணக்கு முழுவதும் எல்லார் கண்ணுக்கும் திறந்தே இருக்கும். போன வருடம் எங்களில் ஒருவர் விபத்தில் அடிபட்டுப் படுத்தபோது, இரண்டே நாளில் அவர் வீட்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அவர் ஊர் அரசாங்கம் அதற்குள் ஒரு கடிதம்கூட அனுப்பியிருக்கவில்லை. அன்றைக்கு நான் உறுதியாக நம்பினேன்: பிறந்த மண் தரும் குடியுரிமையை விட, விரும்பிச் சேர்ந்த கூட்டம் பெரியது.

அதனால்தான் மலேசியாவின் தென்கோடியில், ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் ஃபாரஸ்ட் சிட்டிக்குப் போகவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கோவையில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி அங்கே நெட்வொர்க் ஸ்கூலில் தங்கியிருக்கிறாள். இணையத்தில் உருவான கூட்டங்கள் நிலத்தில் கால் ஊன்றி, ஒருநாள் நாடுகளாகவே ஆகமுடியும் என்று சொல்கிறவர்களின் இடம் அது. போய் வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் களைப்பு தீரவில்லை. அன்றன்று எழுதி வைத்ததைக் கொஞ்சம் சரிசெய்து இங்கே போடுகிறேன்.

நவம்பர் 8, சனி. ஜொகூர் பாரு

கோலாலம்பூரில் இருந்து வந்த பஸ் நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. இங்கே நவம்பர் மழை நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி தூறிக்கொண்டே இருப்பதில்லை. குடத்தைக் கவிழ்த்த மாதிரி அரை மணி நேரம், அப்புறம் வெயில், அப்புறம் மறுபடி குடம்.

விடுதியில் நான் பதிவு செய்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஈரத் துணியோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை கிடைத்தது. அதற்கும் ஓர் இரவுக்கு 10 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சுற்றுலா வரி. வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த வரி. எனக்கு முன்னால் நின்ற மலேசியக் குடும்பம் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டியது, சாவியை வாங்கிக்கொண்டு போனது. நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன், ரசீது வந்தது. எல்லையே இல்லாத உலகத்தைப் பார்க்கக் கிளம்பி வந்த முதல் நாளே இது மனதில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பயணமே சுலபமாக அமைந்ததற்கும் அந்தப் பாஸ்போர்ட்தான் காரணம். 2023 டிசம்பரில் இருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம்.

ராத்திரி மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் 2 வெள்ளி, இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ இரண்டரை வெள்ளி. ஒரு வெள்ளி என்பது அப்போது நம் காசுக்குச் சுமார் 21 ரூபாய். மேசை எல்லாம் நிறைந்திருந்தது. தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர், பக்கத்து நாற்காலியில் இருந்த தன் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தலை அசைத்தார். பருப்புக் குழம்பு தண்ணீராக இருந்தாலும் ரொட்டி அருமை.

நவம்பர் 9, ஞாயிறு. ஃபாரஸ்ட் சிட்டி

காலையில் கிராப் (செயலியில் அழைக்கும் டாக்சி) ஓட்டி வந்தவர் தமிழர். அறுபதை ஒட்டிய வயது. என்னைப் பார்த்ததும் "பசியாறிட்டீங்களாமா?" என்றார். இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் 'பசியாறுவது' என்றுதான் பெயர். இந்தச் சொல்லை இந்தப் பொருளில் நாம் எப்போது விட்டோம் என்று தெரியவில்லை. குளாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். அப்பா அம்மா இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். "அங்க போயி என்னா பாக்கப் போறீங்க? ஆளே இல்லாத ஊருமா அது" என்றார். 52 வெள்ளி, முக்கால் மணி நேரம். வழி நெடுக செம்பனை.

அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. கடலைத் தூர்த்து நான்கு செயற்கைத் தீவுகள், 7 லட்சம் பேருக்கு வீடு என்று சீன நிறுவனம் ஒன்று ஜொகூர் அரசு சார்ந்த நிறுவனத்தோடு சேர்ந்து போட்ட திட்டம் இது. ஒரு தீவின் பகுதிதான் எழும்பியிருக்கிறது. சீனாவில் பணம் வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது, 2018-ல் அன்றைய பிரதமர் மகாதீர் வெளிநாட்டினருக்கு வீடு விற்பதை எதிர்த்துப் பேசினார், பிறகு கொரோனா, 2023-ல் கட்டிய நிறுவனமே கடனில் சிக்கியது. செடிகள் தொங்கும் முப்பது நாற்பது மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, பால்கனிகளில் காயும் துணிகளைத்தான் காணோம். கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை. தீர்வை இல்லாத கடைகளில் சாக்லேட்டும் மதுவும் மலிவு. எதிர்க்கரையில் சிங்கப்பூரின் துவாஸ், துறைமுகப் பாரந்தூக்கிகளோடு கைக்கு எட்டுகிற மாதிரி தெரிகிறது.

தோழி நடைபாதையில் காத்திருந்தாள். மெலிந்திருந்தாள், முகத்தில் நல்ல தெளிவு. காலையில் உடற்பயிற்சி, பகலில் அவரவர் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடுகிறதாம். பக்கத்து அறையில் நைஜீரியப் பெண், எதிர் அறையில் பிரேசில்காரர். "நான் என் தெருவில் இருபது வருடம் இருந்தேன், இவ்வளவு பேரோடு பேசியதில்லை" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் பொய் இல்லை.

இந்த இடத்தைத் தொடங்கிய பாலாஜி ஸ்ரீனிவாசனின் பெற்றோர் சென்னைக்காரர்கள். அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில். 2022 ஜூலை 4 அன்று, அமெரிக்கச் சுதந்திர நாளைத் தேர்ந்தெடுத்து, தன் 'நெட்வொர்க் ஸ்டேட்' கருத்தை வெளியிட்டார். முதலில் இணையத்தில் ஒரு கூட்டம், ஒரே நோக்கம். பிறகு அவர்களுக்குள் நம்பிக்கை, பொதுப் பணம். அப்புறம் உலகெங்கும் சிதறிய சின்னச் சின்ன நிலங்கள். கடைசியில், ஏற்கெனவே இருக்கும் ஒரு நாடாவது இதையும் நாடு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நிலம் முதலில், மக்கள் பிறகு என்பதைத் தலைகீழாக்கிய வரிசை. 2024 செப்டம்பர் 23 அன்று இங்கே முதல் 90 நாள் வகுப்பு தொடங்கியது. அப்போது அறிவித்த கட்டணம், அறையைப் பகிர்ந்துகொண்டால் மாதம் 1000 டாலர்.

நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாதாடினோம். அவள் மாண்டினீக்ரோவின் சூசாலுவைச் சொன்னாள். 2023-ல், எத்தீரியம் கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் முன்னெடுத்து, சுமார் 200 பேர் இரண்டு மாதம் ஒன்றாக வாழ்ந்து பார்த்த ஊர். நான் ஹோண்டுராஸின் ப்ரோஸ்பெராவைச் சொன்னேன். ரோவாட்டான் தீவில் தனிச் சட்டம், தனி வரி என்று கட்டிய நகரம் அது. அதற்கு இடம் கொடுத்த சட்டத்தை 2022-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ரத்து செய்தது. நிறுவனம் சுமார் 1070 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2024-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட மண்டலங்களே அரசியல் சட்டத்துக்கு எதிரானவை என்று சொல்லிவிட்டது. பழைய நாடு கையெழுத்துப் போட்டால்தான் புதிய நாட்டுக்கு உயிர் என்றால், அது எப்படி மாற்று ஆகும் என்று கேட்டேன்.

"அம்மா சமையலறையில்தானே நாம் சமைக்கக் கற்றோம்" என்றாள் அவள். நல்ல பதில். ராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அங்கேயே ஒரு கடையில் நாசி கோரெங் (வறுத்த சோறு) 14 வெள்ளி. வெளியூரில் 7 வெள்ளிக்கு இதைவிட நன்றாகக் கிடைக்கும்.

ஐந்தரைக்கு அவள் வகுப்புக்குப் போனாள். மழை கொட்ட ஆரம்பித்தது. கைப்பேசியில் வண்டி தேடினேன், சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஞாயிறு இருட்டில் இவ்வளவு தூரம் வர யாரும் தயாராக இல்லை. ஒரு கட்டடத்தின் காவல் கூண்டில் இருந்த நேபாளி இளைஞர் தன் பிளாஸ்டிக் முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் நின்றார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிஸ்கட்டை எனக்கு நீட்டினார். எனக்கு அரைகுறை இந்தி, அவருக்கும் அரைகுறை இந்தி. ஊரில் மகளுக்கு நான்கு வயதாம், இன்னும் கையில் தூக்கியதில்லையாம்.

வேறு வழியில்லாமல் காலையில் வந்த அண்ணனையே அழைத்தேன். ஜொகூர் பாருவில் இருந்து அந்த மழையில் வந்தார். கூடக் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "மழையில பொம்பளப் புள்ளைகிட்ட கூட வாங்கலாமா" என்றார். வண்டியில் கேட்டார்: "அங்க உள்ளவங்க புது நாடு கட்டுறாங்கன்னு சொன்னீங்கல்ல, அதுல ஐசி கொடுப்பாங்களாமா?" சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன். "ஏண்ணே?" என்றேன். "நாளைக்கு என் மச்சினிச்சி கடைக்கு வாங்க, சொல்றேன்" என்றார்.

நவம்பர் 10, திங்கள். கேலாங் பாத்தா

கேலாங் பாத்தா ஃபாரஸ்ட் சிட்டிக்கு நிலத்துப் பக்கம் உள்ள பழைய சின்ன ஊர். தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம், தோசை, மதியத்தில் வாழை இலைச் சோறு. மீன் குழம்பில் புளியோடு வெண்டைக்காயும் போடுகிறார்கள். இலைச் சோறு 11 வெள்ளி. இரண்டாவது தடவை சோறு கேட்டால் முகம் மலர்கிறது.

கடை நடத்தும் அக்காவுக்கு, அதாவது அண்ணனின் மச்சினிச்சிக்கு, நாற்பத்தைந்து வயது இருக்கும். கடை உரிமம் கணவர் பெயரில். காரணம், அக்காவுக்கு நீல ஐசி இல்லை. மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. எந்த நாட்டுக்கும் உரியவர் என்று காட்ட முடியாதவர்களில் சிலருக்குப் பச்சை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அக்காவிடம் இருப்பது பச்சை. பிறந்தது தோட்டத்து லயத்தில் (கூலிக்காரர்களின் வரிசை வீடு), மருத்துவச்சி கையில். அவர் அம்மாவின் பிறப்பையும் யாரும் பதியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள், பதிவு அலுவலகம் இருக்கும் டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி போகும். அவ்வளவுதான் காரணம். தோட்டங்களை வீட்டு மனைகளாக்கி ஆட்களை வெளியேற்றியபோது, இவர்கள் கையில் காகிதம் எதுவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. அக்காவுக்குச் சரியான அட்டை இல்லாததால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. கோயிலில் தாலி கட்டியதுதான். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நிலைதான் வரும் என்கிறது சட்டம். அப்பா மலேசியர், பிள்ளை மலேசியர் இல்லை. மகளுக்கு 16 வயது. அவளே பிறப்புச் சான்றிதழை எடுத்துவந்து காட்டினாள், பிளாஸ்டிக் உறையில் மடிப்பு விழாமல் வைத்திருக்கிறாள். ஓர் இடத்தில் 'புக்கான் வார்கநெகாரா' என்று இருந்தது. குடிமகன் அல்ல என்று பொருள்.

2011-ல் 'மைடாஃப்தார்' என்று இந்தியர்களுக்காகவே ஓர் அரசு பதிவு இயக்கம் நடந்தது. அண்ணன் குடும்பத்தில் இருவருக்கு அதில் அட்டை கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. சிறப்புச் சூழலில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசியல் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மகளுக்கு அதில் மனுப் போட்டிருக்கிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வயது கடந்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

அந்தப் பெண் என்னிடம் நேராகக் கேட்டாள்: "அக்கா, உங்க கூட்டத்துல என்னைச் சேர்ப்பீங்களா?" சேர்ப்போம் என்றேன், மனதார. "அதைக் காட்டினா பேங்க்ல கணக்குத் தொறக்க முடியுமா? காலேஜ்ல சேர முடியுமா?" நான் பேசாமல் இருந்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

அவளுக்கு எஸ்தோனியாவைப் பற்றிச் சொன்னேன். 2014-ல் அந்த நாடு தொடங்கிய 'இ-ரெசிடென்சி'யில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டினர் இணைய வழி வசிப்பாளர்கள் ஆகியிருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாம், கம்பெனி தொடங்கலாம். அவள் கண் விரிந்தது. ஆனால் அதற்கு விண்ணப்பிக்க ஓர் அரசு கொடுத்த அடையாள ஆவணம் வேண்டும். அது இருந்தாலும், அந்த அட்டையை வைத்து எஸ்தோனியாவில் ஓர் இரவுகூடத் தங்கும் உரிமை வராது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் அக்கா ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். கூட்டு. நம் ஊர்ச் சீட்டு மாதிரி. 20 பெண்கள், மாதம் 100 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு மொத்தப் பணம். தமிழ், மலாய், சீனர் மூவரும் இருக்கிறார்கள். பதினொரு வருடமாக ஒரு வெள்ளி குறைந்ததில்லை என்றார். மலேசியாவில் இதைத் தொழிலாக நடத்த 1971-ல் இருந்தே தடைச் சட்டம் இருக்கிறது, அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல்தான் இருக்கிறது. வங்கிக்குள் நுழைய முடியாத ஒருத்திக்கு வங்கியாக இருந்தது இந்த நோட்டு. தோழி சொன்ன சமையலறை மாதிரிதான் இதுவும், ஆனால் இதை யாரும் படம் போட்டுக் காட்டியதில்லை. எங்கள் 40 பேர் கூட்டத்தில் நான் பெருமைப்பட்ட எல்லாமே, திறந்த கணக்கும் ஒருவர் மேல் ஒருவர் நம்பிக்கையும் ஆபத்தில் ஓடிவருவதும், இந்த எண்ணெய் படிந்த நோட்டில் இருந்தன. இங்கேயும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. 20 பெண்கள் சேர்ந்தாலும் அக்காவுக்கு ஒரு நீல அட்டை வாங்கித் தர முடியவில்லை.

நவம்பர் 11, செவ்வாய். சிம்பாங் அராங்

கேலாங் பாத்தாவுக்குப் பக்கத்தில் ஓராங் செலேத்தார் என்ற பூர்வகுடி மக்களின் கம்பம் (கிராமம்). அண்ணன் அங்கே நண்டு வாங்கப் போவார், என்னையும் கூட்டிப்போனார். சதுப்பு மரங்களுக்கு நடுவே மரவீடுகள், சேறு, படகுகள். ஒரு காலத்தில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த மக்கள். ஜொகூர் நீரிணையின் இரு கரையும் அவர்களுக்கு ஒரே வீடு. சிங்கப்பூரில் ஓடும் செலேத்தார் ஆறும் அவர்கள் பெயர்தான். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்க 1924-ல் திறந்த பாலச்சாலை நீரிணையைக் குறுக்கே அடைத்தது. 1965-ல் சிங்கப்பூர் தனி நாடானதும் அந்த ஒரே வீட்டுக்கு நடுவில் ஒரு நாட்டின் எல்லை வந்துவிட்டது.

ஒரு பாட்டி சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் மலாயில் கேட்டுச் சொன்னார். சின்ன வயதில் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் மீன் விற்று வந்ததாகச் சொன்னார் பாட்டி. இப்போது போனால் கப்பல் வந்து விரட்டும். தூர்த்த மணல் வந்த பிறகு நண்டும் குறைந்துவிட்டது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

நண்டு கிலோ 35 வெள்ளி. அக்கா கடையில் மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். விரல் முழுக்க எரிந்தது, நிறுத்த மனசில்லை. ராத்திரி வயிறு கெட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 12, புதன். மறுபடி கேலாங் பாத்தா

காலை முழுக்க இளநீரும் கஞ்சியும்.

தோழியிடம் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மதியம் வகுப்பை விட்டுவிட்டு, அந்த நைஜீரியப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். 14 மாதமாக இந்தக் கடற்கரையில் இவ்வளவு பேர் வந்து போகிறார்கள், 20 நிமிடத் தூரத்தில் இருக்கும் இந்தக் கடைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது உறைத்தது, முகத்தில் தெரிந்தது.

நைஜீரியப் பெண் தன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விசாவுக்காக எத்தனை தூதரக வாசல்களில் நின்றாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அக்காவின் மகள் அதைத் தன் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல, அக்கா தலையைத் தலையை ஆட்டினார். "பாஸ்போர்ட் இருக்கிறவங்களுக்கே இப்படியா!" என்றார்.

"நீ சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை" என்றாள் தோழி. "ஆனால் ஒன்று செய்யலாம். இவர்கள் இங்கே பிறந்து வளர்ந்ததற்குச் சாட்சி எங்கெங்கே இருக்கிறது? தோட்டத்துச் சம்பளப் புத்தகம், கோயில் நன்கொடை ரசீது, பள்ளிக்கூட வருகைப் பதிவு. அதையெல்லாம் திரட்டி, யாரும் மாற்ற முடியாதபடி ஒழுங்குபடுத்தி மனுவோடு வைக்கலாம். இந்த வேலை எங்களுக்குத் தெரியும்." புதிய நாட்டுக்காகக் கற்ற வேலை, பழைய நாட்டின் கதவைத் தட்டப் பயன்படும் என்றால் எனக்குச் சம்மதம். அது போதுமா என்று கேட்டால், மனுவின் மேல் முத்திரை குத்துகிற கை இன்னமும் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்பதை அவளும் மறுக்கவில்லை.

மகள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்தாள். பாட்டியின் தோட்டத்து மருத்துவமனைச் சீட்டுகள், மஞ்சளாகிப் போன ஒரு குடும்பப் படம், லயத்துக்கு முன்னால் எடுத்தது. பின்பக்கம் பென்சிலில் யாரோ தேதி எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் மேசையைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நான் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி இடம் கொடுத்தேன்.

நாலு மணிக்கு எனக்கு பஸ். அண்ணன் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "அந்தப் பென்சில் தேதி தெரியுதா பாருங்கமா, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மழை மறுபடி ஆரம்பித்திருந்தது. அக்கா கதவை ஒருச்சாய்த்து, மேசை விளக்கைப் போட்டார்.